பரந்தன் பக்கத்து ஞாயிறு பேப்பர் கிளாஸ்: பேப்பர் சுமார், அதற்குப் பிறகு வருகிற ஒரு மணித்தியாலம் அருமை

உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த நாட்களில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், எங்கே பேப்பர் கிளாஸ் நல்லம்? என் தம்பி கணிதப் பிரிவு. நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரம். இந்த வருடம் அவனைப் பரந்தன் பக்கத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில் நடக்கிற மாதிரிப் பரீட்சை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். திரும்பி வர பஸ் கஷ்டம் என்பதால் பெரும்பாலும் நானும் போய் விறாந்தையில் இருந்து விடுவேன், அதனால் உள்ளே நடப்பது முழுக்கத் தெரியும். இடத்தின் பெயரைப் போடவில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன், ஒரு சேரும் அறிவியல்நகரில் பொறியியற்பீடத்தில் படிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிற சின்ன இடம் அது.

முதலில் பேப்பர். பௌதிகவியலும் இரசாயனவியலும் மாறி மாறி வரும், ஒரு பேப்பருக்கு 300 ரூபா. பகுதி ஒன்று உண்மைப் பரீட்சை மாதிரியே 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை, இலக்கத்தின் மேல் புள்ளடி போடுகிற அதே மாதிரி விடைத்தாள். கல்குலேற்றர் உள்ளே போகாது. மணி அடித்தால் பேனையைக் கீழே வைக்க வேண்டும், "இன்னும் ரெண்டு கேள்விதான் சேர்" என்று கெஞ்சினாலும் சரிவராது, இது நல்ல விஷயம். வினாக்களின் தரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணிசமானவை கடந்தகால வினாக்களில் இலக்கத்தை மாற்றியவை. பழைய பேப்பர்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு இங்கே கிடைக்கிற புள்ளி அதன் உண்மையான நிலையைக் காட்டாது.

பிறகு ஏன் அனுப்புகிறோம் என்றால், விடைத்தாளை வாங்கிய பிறகு நடப்பதற்காகத்தான். வேறு இடங்களில் பேப்பர் முடிந்ததும் சரியான விடைகளை வாசித்துவிட்டு அனுப்பி விடுவார்கள், பிள்ளைகள் சரி பிழை போட்டு, கூட்டிப் பார்த்து, முகம் வாடி வீட்டுக்கு வரும். இங்கே சேர் விடையைச் சொல்வதே இல்லை. பிள்ளைகள் தாங்கள் போட்ட இலக்கங்களை வினாத்தாளின் ஓரத்திலும் குறித்து வைத்திருப்பார்கள். கரும்பலகையில் 1 தொடக்கம் 50 வரை எழுதி, ஒவ்வொரு வினாவுக்கும் எந்த விடைக்கு எத்தனை கை என்று எண்ணுவார்கள். எல்லாரும் ஒரே விடை போட்ட வினாவைக் கடந்து போய்விடுவார்கள். கை பிரிந்த வினாக்களுக்கு வட்டம். அந்த வட்டங்களை எடுத்துக்கொண்டு நாலைந்து பேராக மாமரத்துக்குக் கீழேயும் கொட்டகைக்குள்ளேயும் இருந்து வாதாட வேண்டும், விடையோடு காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சேர் வாய் திறப்பார்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் விளங்கும். குளத்தில் மிதக்கிற படகுக்குள் கல் இருக்கிறது, கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டால் நீர்மட்டம் என்ன ஆகும் என்று ஒரு வினா. பாதி வகுப்பு ஏறும் என்றது. "டேய், கல்லுத் தண்ணிக்குள்ள போனா மட்டம் ஏறத்தானே வேணும்" என்று ஒரு பெடியன் நிற்கிறான். விசுவமடுவிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, மிகவும் மெதுவாகக் கதைக்கிறவள், "கல்லுப் படகுக்குள்ள இருக்கேக்கயே தண்ணியைத் தள்ளிக்கொண்டுதானே இருக்கு" என்றாள். யாரும் கேட்பதாக இல்லை. அவள் எழும்பிப் போய்க் குழாயடியில் இருந்த பழைய பெயின்ற் வாளியில் பாதித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி மிதக்க விட்டு, ஒழுங்கையில் கிடந்த கைக்கு அடங்குகிற கல் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் வாளியின் உட்பக்கம் பேனையால் ஒரு கோடு போட்டாள். பிறகு கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். அலை அடங்கியதும் எல்லாத் தலையும் வாளிக்கு மேல். தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கிறது, ஒரு நெல்மணி அகலம் இருக்கும். கல் பெட்டிக்குள் இருக்கும்போது தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது, அடியில் கிடக்கும்போது தன் கனவளவுக்கு மட்டும்தான், கல் நீரை விட அடர்த்தியானபடியால் இரண்டாவது குறைவு. இதைச் சொன்னது சேர் இல்லை, ஏறும் என்று நின்ற அதே பெடியன். அவன் இனி அந்த வினாவைச் சாகும்வரை மறக்க மாட்டான்.

இரசாயனவியலில் 41 தொடக்கம் 50 வரையான வினாக்கள்தான் அதிகம் கை பிரிகிறவை. இரண்டு கூற்றுத் தந்து, இரண்டும் உண்மையா, இரண்டாவது முதலாவதைச் சரியாக விளக்குகிறதா என்று கேட்பது. நைதரசனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஒட்சிசனை விடக் கூட, உண்மை. ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை நைதரசனை விடக் கூட, அதுவும் உண்மை. ஆனால் இரண்டாவது முதலாவதுக்குக் காரணம் இல்லை, காரணம் நைதரசனின் அரைநிரம்பிய பி உபசக்தி மட்டம். இரண்டும் உண்மை, ஆனால் விளக்கவில்லை என்பது விடை 2. வகுப்பில் பெரும்பகுதி, விளக்குகிறது என்கிற 1 போட்டிருந்தது. தனியே வீட்டில் பேப்பர் செய்கிற பிள்ளை விடையைப் பார்த்து "ஓ, ரெண்டா" என்று திருத்திக்கொண்டு போய்விடும். இங்கே 1 போட்டவன் தன் காரணத்தை எழுத உட்கார்ந்த இடத்திலேயே பிடிபடுகிறான், எழுத ஒரு வசனமும் வராது. நான் உயிரியல் பிரிவில் படித்தவள், எங்கள் காலத்தில் இப்படி ஒரு இடம் இருந்திருந்தால் இந்தப் பத்து வினாவுக்கு இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் வன்னி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியென்றால் கிளிநொச்சிப் பிள்ளைக்குப் பொறியியலுக்கு நேரடிப் போட்டி பெரும்பாலும் கொழும்பில் இல்லை, பக்கத்து வாங்கில் இருக்கிறது. அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளியில் ஒரு தசமம் முன்னே பின்னே போனால் இடம் மற்றவனுக்கு. அது தெரிந்துகொண்டே இந்தப் பிள்ளைகள் மற்றவனுக்கு விளங்கும்வரை விடாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது, அந்தப் பழக்கத்தை உண்டாக்கி வைத்ததற்காகவே சேருக்கு நன்றி சொல்லலாம்.

இனி குறைகள். பெரியது, ஒரே பேப்பர் சனிக்கிழமை ஒரு அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை அடுத்த அணிக்கும் கொடுக்கப்படுகிறது. சனி இரவே விடைகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பிறகு இரண்டு அணியையும் சேர்த்துத் தரவரிசை போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள். அந்தத் தரவரிசைக்கு எந்த மதிப்பும் இல்லை, தயவுசெய்து அதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏசாதீர்கள். இதை நான் சேரிடமே சொன்னேன், இரண்டு பேப்பர் அடிக்கச் செலவு கூட என்றார். அப்படியானால் தரவரிசையை நிறுத்தலாமே என்றதற்குப் பெற்றோர் கேட்கிறார்கள் என்றார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பகுதி இரண்டு, அதாவது அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், திருத்தி வர வாரக்கணக்கில் ஆகிறது. வந்தாலும் மொத்தப் புள்ளி மட்டும்தான், எந்தப் படியில் புள்ளி போனது என்று தெரியாது. புள்ளித்திட்டம் கேட்டால் ஒரு பழைய போட்டோக் கொப்பி தருகிறார்கள். அதில் ஒரு விடை பிழை என்று பிள்ளைகளே கலந்துரையாடலில் கண்டுபிடித்தார்கள், சேர் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டார், அது அவருடைய பெரிய குணம். ஆனால் கொப்பி திருத்தப்படவில்லை, அடுத்த அணிக்கும் அதே பிழையோடு போனது.

தகரக் கொட்டகை, இரண்டு காற்றாடி, மத்தியானத்தில் வெக்கை தாங்காது. தண்ணீர்ப் போத்தல் கொடுத்து விடுங்கள். கலந்துரையாடல் இழுபட்டால் முல்லைத்தீவுப் பக்கம் போகிற பிள்ளைகள் பஸ்ஸுக்காக இடையில் எழும்ப வேண்டி வருகிறது, தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பயன்பெற வேண்டுமென்றால் காலமை ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கலாம்.

பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று அறிய வேண்டுமானால் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத் தவணைப் பரீட்சையும், மொறட்டுவைப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் வருடாவருடம் நடத்துகிற முன்னோடிப் பரீட்சையும் இருக்கின்றன, அவற்றை விடக் கூடாது. கட்டுரை வினாவில் பலவீனமான பிள்ளைக்கு இந்த இடம் உதவாது, அதற்குத் தனியாகத் திருத்தித் தருகிற ஒருவரைத் தேடுங்கள். பல்தேர்வில் 25, 30 என்று தடுமாறுகிற, பாடம் தெரிந்தும் விடை பிழைக்கிற பிள்ளையென்றால் தயங்காமல் அனுப்புங்கள். ஒன்றே ஒன்று, பேப்பர் முடிந்தவுடன் "எத்தனை சரி" என்று கோல் எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு விடாதீர்கள், கொடுத்த காசுக்கு உரியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.