ஏர் பிஸ்டல் சிலிண்டரில் டிஜிட்டல் கேஜ்: நான்கு வருட அனுபவம்

வெள்ளிக்கிழமை ராத்திரி துப்பாக்கிப் பெட்டியை மூடும்போது சிலிண்டரில் காற்றழுத்தம் 196 பார். ஞாயிறு காலை திறந்தபோது 191. நடுவில் ஒரு குண்டு கூடச் சுடவில்லை, அறையின் வெப்பமும் கிட்டத்தட்ட அதேதான். சிலிண்டர் முனையில் இருந்த டிஜிட்டல் கேஜ் (அழுத்தமானி) கொடுத்த காசுக்கு வேலை செய்தது அன்றைக்குத்தான் என்று சொல்வேன். பழைய முள் கேஜாக இருந்திருந்தால், 200-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, சரி என்று கிளம்பியிருப்பேன்.

வால்வு வாயில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல எழும்பி, நின்று, உடைந்தது. மறுபடி இன்னொன்று. ரேஞ்சில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். காற்றை முழுவதும் இறக்கிவிட்டுத் திறந்தார். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் நகக்கீறல் போல ஒரு வெட்டு. இன்னும் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் மாநிலப் போட்டி அன்று காலையில்தான் அது தெரிந்திருக்கும்.

நான் சென்னையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். இந்த சிலிண்டர் என்னிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் கேஜைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் நம்ப வேண்டியது எது, நம்பக் கூடாதது எது என்று என் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

சிலிண்டரை 200 பார் வரை நிரப்புகிறோம். துப்பாக்கியின் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே அளவாகக் கொடுப்பதால் 190-இல் சுட்டாலும் 110-இல் சுட்டாலும் குண்டின் வேகம் மாறாது. சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போனபிறகுதான் குண்டுகள் தாழ ஆரம்பிக்கும். என் துப்பாக்கியில் அது எங்கே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே காற்றைத் தீர்த்துப் பார்த்தேன். 75 வரை இலக்கில் குண்டுத் துளைகளின் கூட்டம் கலையவில்லை. 70-க்குக் கீழே இறங்கியதும் ஆறு மணிப் பக்கம், அதாவது இலக்கின் அடிப்பக்கம், 9, அப்புறம் 8. 10-ஆம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான், அதில் இந்தச் சறுக்கல் உடனே தெரியும். கை நடுங்குகிறது, ட்ரிக்கரை இழுக்கிறேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கடைசியில் காற்றுதான் தீர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பலரைப் பார்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் கேஜால் கிடைத்த பெரிய லாபம் ஒரு கணக்கு. என் துப்பாக்கி 10 குண்டுக்கு 7 பார் எடுக்கிறது. முள் கேஜில் இது கண்ணுக்கே தெரியாது. எண்ணாக இருப்பதால் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் எழுதி வைத்து, மூன்று மாதத்தில் நிச்சயப்படுத்திக்கொண்டேன். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டு. அதற்கு முந்தைய 15 நிமிடத்தில் சைட்டர், அதாவது கணக்கில் சேராத சோதனைக் குண்டு, எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், எனக்கு 25 போதும். மொத்தம் 85 குண்டுக்கு 60 பார். 150-க்குக் கீழே இருந்தால் லேனுக்குப் போவதில்லை என்ற விதி அப்படி வந்தது. ஒருமுறை 10 குண்டுக்கு 9 பார் என்று கணக்கு ஏறியது. ரெகுலேட்டரைச் சர்வீஸ் செய்ததும் மறுபடி 7-க்கு வந்தது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏசி ஹாலில் 185 காட்டிய சிலிண்டர், மே மாதம் பைக் பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்தபின் 195 காட்டியது. காற்று எங்கிருந்தும் வரவில்லை, சூடு மட்டும்தான். மூடிய கொள்கலனில் அழுத்தம் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். 24 டிகிரியில் 200 இருப்பது 40 டிகிரியில் 210-ஐத் தாண்டும். அதனால் முழுக்க நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

நிரப்பும்போதும் இதே கதைதான். பெரிய சிலிண்டரிலிருந்து சர்ரென்று திறந்தால் நம் சிலிண்டர் கையில் சுடும். 200 வந்ததே என்று கழற்றினால், ஆற ஆற 197, 194, 191 என்று கேஜ் இறங்கிக்கொண்டே வரும். முதல் மாதம் கசிவு என்று பயந்தேன். இப்போது நிதானமாக நிரப்பி, பத்து நிமிடம் ஆறவிட்டு, மீதியை ஏற்றுகிறேன். நோட்டில் அழுத்தத்துக்குப் பக்கத்தில் அறையின் வெப்பத்தையும் எழுதுகிறேன். அது இல்லாமல் எழுதிய முதல் வருடக் கணக்கு முழுவதும் வீணாகப் போனது.

சரி, நம்பக் கூடாதது எது? அந்தக் கடைசி இலக்கம். 187 என்று காட்டுவதால் உள்ளே 187 இருக்கிறது என்று அர்த்தமில்லை. 300 பார் வரை அளக்கும் கேஜில் ஒரு சதவீதப் பிழை என்றால் மூன்று பார் இப்படியோ அப்படியோ போகலாம். என்னுடையது மூன்றாவது வருடத்தில், காற்றே இல்லாத சிலிண்டரிலும் 3 காட்ட ஆரம்பித்தது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் மிக நுண்ணியதாக வளையும் ஒரு சென்சார். வளைவுக்கு ஏற்ப மாறும் மின்தடையைத்தான் அது எண்ணாக்குகிறது. காலப்போக்கில் பூஜ்யம் நகரும். ஆனால் நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தப் பிழை அடிபட்டுப் போகிறது. நான் நம்புவது அந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது ஒரு போட்டி நாள் காலை. முந்தைய இரவு 178 பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் பித்தானை அழுத்தினால் 78. வயிற்றைப் பிசைந்தது. ராத்திரியோடு 100 பார் போய்விட்டதா? அவசரமாக நிரப்பும் இடத்துக்கு ஓடி, சிலிண்டரை மாட்டி, வால்வைத் திறந்தேன். 78-இலிருந்து ஏற வேண்டுமென்றால் நெடுநேரம் 'உஸ்ஸ்' என்று கேட்க வேண்டும். இரண்டு விநாடியில் அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரிய முள் கேஜ் 180-ஐ ஒட்டி நின்றது. காற்று எங்கேயும் போகவில்லை. பேட்டரி பலவீனமானதில் திரையின் முதல் இலக்கம் மட்டும் மங்கிப் போயிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அந்த 1 நிழல் போலத் தெரிந்தது. அன்றைய போட்டியின் முதல் சீரீஸில், அதாவது முதல் 10 குண்டில், 100-க்கு 88. கை என் வசத்தில் இல்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் போனதை டிவியில் பார்த்தபோது வருத்தப்பட்டேன். சின்ன ஒரு கருவிக் கோளாறு மனதை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்தது இந்தக் காலையில்தான்.

பேட்டரி மாற்றுவதும் லேசான வேலையில்லை. கேஜின் மூடியைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும், அது பெட்டியில் வரவில்லை. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, மொத்தமாக அனுப்பி வையுங்கள் என்றார்கள். பதில் வரவே ஆறு வாரம். வாங்கும் முன் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டன் செல்லை நானே மாற்ற முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். இப்போது தேய்ந்ததா இல்லையா என்று பார்க்காமல் ஜனவரிக்கு ஜனவரி மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, கடைகளில் யாரும் சொல்வதில்லை. கேஜ் சிலிண்டரின் முன்முனையில், குழல் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டி நடுவில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் குழலை நம் பக்கம் திருப்ப வேண்டும். அது எந்த ரேஞ்சிலும் கூடாது. ஆகவே எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மேட்ச் ஆரம்பித்தபின் உதவாது. பெட்டியிலிருந்து எடுக்கும் முன், குழலில் குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் செருகியிருக்கும்போதே பார்த்து எழுதிவிடுகிறேன்.

நிரப்பும்போது எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இந்தக் கேஜிடம் விடுவதில்லை. அதற்கு நிரப்பும் இடத்தின் பெரிய முள் கேஜ்தான். அதற்கு பேட்டரி இல்லை. வளைந்த குழாய் அழுத்தத்தில் நிமிர முயல்கிறது, முள் நகர்கிறது. 1849-இல் பூர்தோன் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடு இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

என் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதிப்படி அதற்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. தயாரித்து பத்து வருடம் தாண்டினால் போட்டியில் அனுமதியில்லை. பழைய சிலிண்டர் வாங்குகிறவர்கள் திரையில் மயங்காமல் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். போன வாரம் இரண்டாவதாக ஒரு சிலிண்டர் சொல்லி வைத்தேன். எந்தக் கேஜ் என்று கேட்டார்கள். பயிற்சிக்கும் கசிவு பார்க்கவும் டிஜிட்டல் ஒன்று இருக்கிறது, போட்டிப் பையில் போக இது முள் கேஜாகவே இருக்கட்டும் என்றேன்.