முதல் ஐபேட்: பேசியதும் வந்ததும்

2010 ஜனவரி 27-ல் சான் ஃபிரான்சிஸ்கோ மேடைக்கு வருமுன்பே ஆப்பிளின் தொடுதிரைப் பலகைக் கணினியான முதல் ஐபேடுக்கு வதந்திகளில் ‘ஐஸ்லேட்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். விலை ஆயிரம் டாலரைத் தொடும், கேமரா இருக்கும் என்றெல்லாம் பேச்சு. விலைக் கணிப்பு பொய்த்தது நல்லதாயிற்று: 16 ஜிபி வைஃபை மாடல் அன்று 499 டாலர்தான். கேமரா விஷயத்தில்தான் ஏமாற்றம்; முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

9.7 அங்குலத் திரை அருமை, சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மங்குவதில்லை. வைஃபை மாடலின் எடை 680 கிராம். ஒரு கையில் பிடித்துப் படித்தால் மணிக்கட்டு வலிக்கும்.

பெரிய குறை 256 எம்பி ரேம் (தற்காலிக நினைவகம்). சஃபாரி உலாவியில் கனமான பக்கங்கள் சிலவற்றைத் திறந்தாலே பழையது நினைவகத்திலிருந்து போய்விடும். திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து இறங்கும். அன்று பல இணையதளங்களில் இருந்த ஃப்ளாஷ் வகை வீடியோ ஓடாது. சார்ஜ் ஏற்ற, உடன் வரும் 10 வாட் அடாப்டரையே பயன்படுத்துங்கள். அன்றைய பல கணினிகளின் யூஎஸ்பி முனை போதிய மின்சாரம் தராததால் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று காட்டும். 3ஜி மாடலுக்கு மைக்ரோ சிம் வேண்டும், அதைவிடப் பெரிய அன்றைய சாதாரண சிம் நுழையாது.

படிக்க, படம் பார்க்க அன்று 16 ஜிபி மாடலே போதுமானதாக இருந்தது. வீடியோ அழைப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது உதவவில்லை.