பவர் குவரியா, ஃபார்முலாவா, பிவட்டா, மேக்ரோவா? எக்செல்லில் அடுத்து எதைக் கற்பது

தேடி எடுக்கும் விலுக்அப், நிபந்தனையோடு கூட்டும் சம்இஃப்ஸ், தொகுத்துக் காட்டும் சாதாரண பிவட் டேபிள் மூன்றும் கைவந்த பிறகு எக்செல்லில் எந்தப் பக்கம் நகர்வது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. எதிரே ஐந்து வழிகள்: விடையைப் பல கட்டங்களில் தாமே விரிக்கும் புதிய டைனமிக் அரே ஃபார்முலாக்கள், கோப்புகளை இறக்கிச் சுத்தம் செய்யும் பவர் குவரி, பல அட்டவணைகளை உறவுபடுத்தி டாக்ஸ் என்ற ஃபார்முலா மொழியில் கணக்கிடும் பவர் பிவட், வேலைகளைத் தானியக்கமாக்க நிரல் எழுதும் விபிஏ மேக்ரோ, இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸ். எதைக் கொண்டும் இந்த மாத அறிக்கையை முடித்துவிடலாம். எது சீக்கிரம் முடிக்கிறது என்று பார்த்தால் சரியான பதில் கிடைக்காது. அடுத்த மாதக் கோப்பு வரும்போது எது கை வைக்காமல் ஓடுகிறது, எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். உடைந்தால் பிழை காட்டி நிற்கிறதா, தப்பான எண்ணைக் காட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம். இந்த அலசல் முழுக்க அந்த அளவுகோலில்தான்.

அகலமான அட்டவணையை நீளமாக்குவது

கணக்கு மென்பொருள்கள் தரும் கோப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மேலே மூன்று வரி தலைப்பு, அதன்கீழ் கிளை, பொருள், ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 காலம் (column, அதாவது நெடுவரிசை), கடைசியில் ‘மொத்தம்’ என்று ஒரு வரி. கண்ணுக்கு அழகு, ஆனால் பிவட்டுக்கு உதவாது. கிளை, பொருள், மாதம், தொகை என்று நான்கே காலமாக மாற்ற வேண்டும்.

பவர் குவரியில்: டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல் வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ‘லோட்’ பொத்தானை விட்டுவிட்டு ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வை அழுத்துங்கள். மேல் மூன்று வரிகளை நீக்குங்கள். முதல் வரியைத் தலைப்பாக்குங்கள். கிளை காலத்தில் ‘மொத்தம்’ என்பதற்குச் சமமல்லாதவை மட்டும் என்று வடிகட்டுங்கள். கிளை, பொருள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’ கொடுங்கள். 200 வரி, 12 மாதம் என்றால் 2,400 வரி வரும்.

எப்போதும் அந்த எண்ணிக்கை வராது. அன்பிவட் காலியான கட்டங்களைச் சொல்லாமலே விட்டுவிடும். 150 கட்டம் காலி என்றால் 2,250 வரிதான் கிடைக்கும். கூட்டுத்தொகை மாறாது, ஆனால் சராசரியும் எண்ணிக்கையும் மாறிவிடும். விற்பனை இல்லாத மாதமும் கணக்கில் வர வேண்டுமானால், அன்பிவட்டுக்கு முன்பே அந்தக் காலங்களில் ‘நல்’ (null, காலி) என்பதை 0 ஆக மாற்றிவிடுங்கள். அதே மெனுவில் ‘அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்’ என்றும் ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் அன்று தேர்ந்தெடுத்த மாதப் பெயர்கள் மட்டும் படியில் பதிந்துவிடும். பிறகு வந்து சேரும் புதிய மாதம் பக்கவாட்டுக் காலமாகவே நிற்கும். ‘அதர்’ என்பதைத் தேர்வதற்குக் காரணம் இதுதான்.

ஃபார்முலாவில் இதே வேலைக்கு, அட்டவணையை ஒரே காலமாக்கும் டுகால், காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும் ஹெச்ஸ்டாக் இரண்டும் வேண்டும். தொகைக்கு ஒரு டுகால், கிளைப் பெயரை ஒவ்வொரு மாதத்துக்கும் திருப்பிச் சொல்ல ஒன்று, பொருளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் ஒட்ட ஹெச்ஸ்டாக். ரிஃப்ரெஷ் தேவையில்லை, எண் மாறியதும் விடை மாறும். அது பெரிய வசதி. ஆனால் தொகைக்கான டுகாலில் மட்டும் ‘காலியை விடு’ என்று சொல்லி மற்றவற்றில் மறந்துவிட்டால், காலங்கள் ஒன்றுக்கொன்று வழுக்கிவிடும். அட்டவணையின் அடியில் சில என்/ஏ பிழைகள் தெரியும். மேலே இருப்பவை எல்லாம் வேறு கிளையின் பெயரோடு நிற்கும் சுத்தமான எண்கள். முதல் திரையை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடவே பிடிபடாது.

மேக்ரோவில் இரண்டு லூப் போட்டால் இந்த மாற்றம் முடிந்துவிடும். ரெக்கார்டர் மூலம் பதிவு செய்தால் அன்றைய வரி எண்ணிக்கை குறியீட்டுக்குள் உறைந்துவிடும் என்பதால் கையால் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பவர் குவரியை மற்ற எதுவும் நெருங்காது.

தேதியும் குறியீட்டு எண்ணும்

பவர் குவரி கோப்பைத் திறந்ததும் ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒரு படியைத் தானே சேர்த்துக்கொள்ளும். தொடக்கக்காரர்கள் கண்டுகொள்ளாத இந்தப் படியில்தான் பாதிப் பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது. 00712 என்ற பொருள் குறியீடு 712 ஆகிவிடும். பின்னால் இன்னொரு படியில் ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றினாலும் போன சுழிகள் திரும்பாது. அந்தத் தானியங்கிப் படியையே திருத்த வேண்டும். எக்செல் கேட்கும்போது ‘ரிப்ளேஸ் கரண்ட்’ கொடுங்கள், ‘ஆட் நியூ ஸ்டெப்’ கொடுக்காதீர்கள். 16 இலக்க எண்கள் இதைவிடக் கவலைக்குரியவை. எண் வகைக்கு மாறி எக்செல் கட்டத்தில் வந்து இறங்கினால் 15 இலக்கம்தான் மிஞ்சும், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும்.

தேதி இன்னும் நுட்பமானது. கோப்பில் நாள்/மாதம்/ஆண்டு என்று இருக்கிறது, கணினியின் வட்டார அமைப்பு மாதம்/நாள்/ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 13/04/2024 என்பதில் 13ஆம் மாதம் கிடையாது, அதனால் பவர் குவரியில் ‘எர்ரர்’ வரும். 03/04/2024 எந்தச் சத்தமும் இல்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். அது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாக இருந்து, அதை நேரடியாக எக்செல்லில் திறந்தாலும் இதே கதை. 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை டெக்ஸ்டாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும், 12 வரை உள்ளவை தப்பான தேதியாக வலப்பக்கம் போய் நிற்கும். இப்படிக் கெட்டதைக் கட்டத்துக்குள் ஃபார்முலா கொண்டு மீட்பது கடினம், எது புரண்டது எது புரளவில்லை என்ற அடையாளமே போய்விட்டது. பவர் குவரியில் காலத்தை வலது கிளிக் செய்து, சேஞ்ச் டைப், ‘யூஸிங் லொகேல்’ என்று போய், கோப்பு எந்த நாட்டு வழக்கத்தில் எழுதப்பட்டதோ அதைச் சொன்னால் முடிந்தது. அதற்கு முன் தானாக வந்த ‘சேஞ்ச்டு டைப்’ படியை அழித்துவிட வேண்டும்.

தேடி எடுப்பதா, இணைப்பதா

எக்ஸ்லுக்அப் 2019இல் அறிவிக்கப்பட்டது. விலுக்அப்பின் இரண்டு பழைய தொல்லைகளை அது தீர்த்துவிட்டது: நான்காவது மதிப்பை விட்டுவிட்டால் தோராயப் பொருத்தம் எடுப்பது, நடுவில் ஒரு காலம் நுழைந்தால் வேறு காலத்தைக் காட்டுவது. ஒன்றிரண்டு காலங்களைக் கொண்டுவர இன்றும் இதுவே சுலபம்.

இரண்டு அட்டவணைகளைப் பொதுவான ஒரு காலத்தை வைத்து இணைக்கும் பவர் குவரியின் மெர்ஜ் வேறு மாதிரி உடையும். விலைப்பட்டியலில் ஒரே குறியீடு இரண்டு முறை இருந்தால் எக்ஸ்லுக்அப் முதல் விலையை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மெர்ஜ் அந்த விற்பனை வரியையே இரண்டாக்கிவிடும், மொத்த விற்பனை ஊதிப்போகும். இரண்டும் தப்பு. ஆனால் மெர்ஜின் தப்பைப் பிடிப்பது எளிது: இணைப்புக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மெர்ஜ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும், எக்ஸ்லுக்அப் பார்க்காது. அதனால் எக்ஸ்லுக்அப்பில் கிடைத்த பொருத்தம் மெர்ஜில் கிடைக்காமல் போகலாம். இரண்டு பக்கமும் எழுத்துகளை எல்லாம் பெரியதாகவோ எல்லாம் சிறியதாகவோ மாற்றி, ‘டிரிம்’ கொடுத்த பிறகே இணையுங்கள். எக்செல்லின் டிரிம் நடுவில் உள்ள இரட்டை இடைவெளியையும் சுருக்கும். பவர் குவரியின் டிரிம் முனைகளை மட்டும்தான் வெட்டும்.

மெர்ஜில் உள்ள ‘லெஃப்ட் ஆன்டி’ வகை இணைப்புக்காகவே பவர் குவரியைக் கற்கலாம். விலைப்பட்டியலில் இல்லாத குறியீடு கொண்ட விற்பனை வரிகளை மட்டும் அது தனியே எடுத்துத் தரும். அதை ‘சரிபார்ப்பு’ என்று ஒரு ஷீட்டில் இறக்கி வையுங்கள். அது காலியாக இருந்தால்தான் அறிக்கையை அனுப்பலாம்.

அறிக்கைப் பக்கம்

இங்கே நிலைமை தலைகீழ். பவர் குவரியிலும் குரூப் பை உண்டு, ஆனால் அதில் அறிக்கை செய்ய முயல வேண்டாம். போட்டி பிவட், ஃபார்முலா, டாக்ஸ் மூன்றுக்கும் இடையில்தான்.

பிவட்டுக்குள்ளேயே ஃபார்முலா எழுத உதவும் கால்குலேட்டட் ஃபீல்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு வரிகள்: விலை 10, அளவு 5; விலை 20, அளவு 3. மதிப்பு 50ம் 60ம், ஆக 110. ‘விலை பெருக்கல் அளவு’ என்று கால்குலேட்டட் ஃபீல்டு போட்டால் மொத்தத்தில் 240 காட்டும். பிவட் முதலில் இரண்டையும் தனித்தனியே கூட்டி, 30ஐயும் 8ஐயும் பெருக்குகிறது. பெருக்கலை மூல அட்டவணையிலேயே வரிக்கு வரி செய்துவிட வேண்டும்.

விகிதத்தில் இதே குணம் நன்மையாகிவிடும். விற்பனை 1,000, லாபம் 100. விற்பனை 100, லாபம் 50. வரிக்கு வரி லாப விழுக்காடு 10, 50. அதை ஒரு காலமாக வைத்துப் பிவட்டில் சராசரி எடுத்தால் 30 வரும். உண்மை 150ஐ 1,100ஆல் வகுத்தது, சுமார் 13.6. கால்குலேட்டட் ஃபீல்டு இங்கே சரியாகச் சொல்லும். பெருக்கல் என்றால் வரியில், வகுத்தல் என்றால் மொத்தத்தில். இந்த ஒரு விதி தெரியாமல் அனுப்பப்படும் அறிக்கைகள் ஏராளம்.

மைக்ரோசாஃப்ட் 365இல் வந்திருக்கும் குரூப்பை, பிவட்பை ஃபார்முலாக்கள் பிவட்டுக்கு நேரடிப் போட்டி. மூல எண் மாறினால் தாமாகவே மாறும். பிவட்டின் பெரும் தொல்லையே ரிஃப்ரெஷ் மறப்பதுதான், அது இதில் இல்லை. ஆனால் எண்ணின்மேல் இரட்டைக் கிளிக் செய்து அதன் பின்னால் உள்ள வரிகளைப் பார்க்க முடியாது. விடை விரியும் இடத்தில் ஏதாவது எழுதியிருந்தால் ஸ்பில் பிழை வரும், அது கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் பரவாயில்லை. மேலதிகாரி ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும் அலுவலகம் என்றால் பிவட்டையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பவர் குவரியும் பிவட்டும் சேரும் இடத்தில் ஒரு பொறி. ‘ரிஃப்ரெஷ் ஆல்’ அழுத்தினால், குவரி முடிவதற்குள் பிவட் பழைய தரவை எடுத்துக்கொண்டு நின்றுவிடலாம். குவரியின் பிராப்பர்ட்டீஸில் பின்னணி ரிஃப்ரெஷ் என்ற குறியை எடுத்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

டாக்ஸ் எப்போது? ஒரே அறிக்கையில் நாள்வாரி விற்பனையும் மாதவாரி இலக்கும் சேர வேண்டும், எத்தனை வாடிக்கையாளர்கள் என்று ஆளுக்கு ஒரு முறை மட்டும் எண்ண வேண்டும், போன ஆண்டின் இதே காலகட்டத்தோடு ஒப்பிட வேண்டும், அல்லது தரவு ஒரு ஷீட்டின் 10,48,576 வரியைத் தாண்டிவிட்டது என்ற நிலை வரும்போது. வரி வரம்பை அலட்சியம் செய்ததன் விலை 2020இல் இங்கிலாந்தில் தெரிந்தது. 65,536 வரி மட்டுமே கொள்ளும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தால் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பவர் பிவட் பயன்படுத்தும் டேட்டா மாடலில் ஏற்றினால் ஷீட்டின் வரம்பு பொருட்டே இல்லை.

டாக்ஸில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஆண்டு ஒப்பீட்டுக்கு, ஒரு நாளும் விடாமல் நாளுக்கு ஒரு வரி கொண்ட தனித் தேதி அட்டவணை வேண்டும். விற்பனைத் தேதியையே வைத்துச் செய்தால் விடுமுறை நாள்களின் இடைவெளியில் கணக்கு கெடும். அடுத்தது, உறவு போடாத அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்தால் எல்லாக் கிளைக்கும் ஒரே மொத்தம் திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒரே எண் வரிசையாக நின்றால் ஃபார்முலாவைத் தொடாமல் உறவைப் பாருங்கள். மேக் கணினியில் பவர் பிவட் இல்லை என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேக்ரோவும் கூகுள் ஷீட்ஸும்

தரவை மாற்ற மேக்ரோ எழுதும் காலம் போய்விட்டது. எக்செல் 2016இலேயே பவர் குவரி உள்ளே வந்துவிட்டது. ஆனால் 5 கிளைக்கும் தனித்தனிப் பிடிஎஃப் எடுத்து, பெயர் வைத்து, மின்னஞ்சலில் இணைப்பது போன்ற வெளிவேலைகளைப் பவர் குவரி செய்யாது, மேக்ரோதான் செய்யும். மேக்ரோ ஓடிய பிறகு அன்டூ கிடையாது, நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் உள்ள மேக்ரோவை 2022 முதல் ஆஃபிஸ் இயல்பாகவே தடுத்துவிடுகிறது.

கூகுள் ஷீட்ஸின் குவரி ஃபங்ஷன் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கேள்வி மொழி) தெரிந்தவருக்கு மிக இனிமையானது, ஒரே வரியில் வடிகட்டி, தொகுத்து, பிவட்டும் செய்யும். அதன் ஆபத்து ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும்போது. எந்த வகை அதிகமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் காலியாகக் காட்டிவிடும். பில் எண் காலத்தில் பெரும்பாலும் எண்கள், நடுவில் சில மட்டும் எழுத்து கலந்தவை என்றால் அந்தச் சில காணாமல் போகும், பிழைச் செய்தி வராது. காலம் முழுவதையும் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் தப்பிக்கலாம். ஒரு கோப்புக்கு ஒரு கோடி கட்டம் வரம்பு, அதனால் 20 காலம் என்றால் 5 லட்சம் வரி. பலர் ஒரே நேரத்தில் உள்ளிடும் சின்னத் தரவுக்கு இதுவே சிறந்தது, மாதாந்தரக் கோப்புக் குவியலுக்கு இது வேண்டாம்.

எந்த வரிசையில்

பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை: முதலில் பவர் குவரி, அதில் ஃபோல்டர் இணைப்பு, அன்பிவட், மெர்ஜ் மூன்றும். கூடவே பிவட்டை ஆழமாக. அதன்பின் எக்ஸ்லுக்அப், வடிகட்டும் ஃபில்டர், இடைவிடைக்குப் பெயர் வைக்கும் லெட். டாக்ஸ் தேவை வந்த பிறகு. மேக்ரோ கடைசியில். விதிவிலக்கு ஒன்று உண்டு: உங்கள் தரவு மாதாமாதம் கோப்பாக வராமல், நீங்களே ஷீட்டில் தட்டச்சு செய்வது என்றால் ஃபார்முலாவை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், பவர் குவரிக்கு அங்கே வேலை குறைவு. யாருக்கு அனுப்புகிறீர்களோ அவரிடம் இருக்கும் பதிப்பையும் கேளுங்கள். எக்செல் 2021இல் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், லெட் உண்டு. டுகால், ஹெச்ஸ்டாக், சொந்த ஃபங்ஷன் எழுத உதவும் லாம்டா 2024 பதிப்பிலோ 365இலோதான்.

பயிற்சிக்கு நல்ல தரவைத் தேடாதீர்கள், கெட்ட தரவைச் செய்துகொள்ளுங்கள். ஒரே அமைப்பில் மூன்று மாதக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஃப்ரம் ஃபோல்டர் வழியாக இணைத்துப் பிவட் வரை கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கெடுங்கள். ஒரு கோப்பில் ஷீட்டின் பெயரை மாற்றுங்கள், கீ பொருந்தவில்லை என்று குவரி நின்றுவிடும். முதல் கோப்பில் ‘தொகை’யை ‘மொத்தத் தொகை’ ஆக்குங்கள், அந்தக் காலமே இல்லை என்று சொல்லும். ஒரு கோப்பை எக்செல்லில் திறந்தபடியே விட்டு ரிஃப்ரெஷ் செய்யுங்கள், ~$ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்பும் பட்டியலில் நுழைந்து தொல்லை தரலாம். அந்தக் குறியில் தொடங்கும் பெயர்களை இணைப்பதற்கு முன்பே வடிகட்டிவிடுங்கள். கடைசியாக இரண்டாவது கோப்பில் மட்டும் ஒரு காலத்தின் தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். குவரி நிற்காது, பிழையும் வராது, அந்தக் கோப்பின் அந்தக் காலம் முழுவதும் காலியாக வரும், பிவட்டில் ஒரு மாதம் மட்டும் 0 காட்டும். கோப்புவாரியாக வரி எண்ணிக்கையும் தொகையும் காட்டும் சின்னச் சரிபார்ப்புப் பிவட் ஒன்றை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இது உடனே தெரிந்துவிடும்.