தவழும் பிள்ளைக்குச் சாதா கோரைப்பாய்

பத்தமடைப் பக்கம் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய பாய். நாலடிக்கு ஆறடி, சாயம் போடாதது. பத்தமடை என்றதும் பட்டுப்பாயை நினைத்துவிட வேண்டாம். அது மெல்லிய நெசவு, தொட்டால் வழவழவென்று இருக்கும். தவழப் பழகும் பிள்ளைக்கு வேண்டியது நாம் படுக்க விரிக்கும் சாதா பாய்தான்.

எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை. பேத்தி குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, முட்டியை மடக்கும் வரை வந்துவிட்டாள். உந்தினால் கால் வழுக்கிவிடும், அழுகை வரும். மகள் வாங்கிய ஃபோம் விரிப்பு மெத்தென்று இருக்கிறது, விழுந்தால் அடிபடாது. ஆனால் அதில் கை புதைகிறது, ஓரத்தைப் பிய்த்து வாயில் வைக்கிறாள். பாயில் கோரை அகலவாக்கில் ஓடுகிறது. அதனால் பிள்ளை நீளவாக்கில் நகரும்போது கால் பெருவிரல் கோரையின் மேடு பள்ளத்தில் ஊன்றிக்கொள்கிறது. நான் பாய்க்குக் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், முட்டியும் வெறுமனே இருக்கட்டும்.

விளையாட்டுச் சாமான் எல்லாம் அடுக்களையிலிருந்துதான். எவர்சில்வர் டம்ளரைப் பாயில் கவிழ்த்துத் தட்டினால் போதும், திரும்பிப் பார்ப்பாள். அதைக் கைக்கு எட்டாத தூரத்தில், கொஞ்சம் மட்டும் தள்ளி வைக்க வேண்டும். ரொம்பத் தள்ளினால் ஆசை விட்டுப்போகும். எட்டிப் பிடித்தால் ஒரு தடவை விளையாட விட்டுவிட்டுத்தான் அடுத்த முறை நகர்த்துவேன். பிள்ளையை ஏமாற்றிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது.

முதலில் அவள் பின்னால்தான் போனாள். கையில் இருக்கும் பலம் காலுக்கு அப்போது வராது, நிறையப் பிள்ளைகள் அப்படித்தான். தாத்தா பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் அவள் பாதத்துக்கு அணையாக வைப்பார். தள்ள மாட்டார், அவளே உதைத்து முன்னே வருவாள். அப்புறம் இரண்டு நாற்காலிக்கு நடுவே பழைய நூல் சேலையைப் போட்டுக் குகை செய்தோம். அந்தப் பக்கம் அவள் அம்மா குனிந்து கூப்பிட்டால் சரசரவென்று வந்துவிடுகிறாள். தவழ்ந்த அன்றைக்கு வழக்கப்படி தவலை அடை சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.

பிந்துகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், கையும் முட்டியும் ஊன்றித் தவழும் பருவம் சுமார் 5 மாதத்திலிருந்து 13 மாதம் வரை பரந்து கிடக்கிறது. 100 பிள்ளைகளில் 4 பேர் அப்படித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். அவசரப்பட்டுச் சக்கரம் வைத்த வாக்கரில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.

பாயில் குறையும் உண்டு. டைல்ஸ் மேல் அதுவே நகர்கிறது, அடியில் பழைய ஜமுக்காளம் விரித்த பிறகுதான் நின்றது. ஓரத் துணியின் தையல் சீக்கிரமே பிரிந்து கோரை நுனி வெளியே நீட்டியது, முட்டியில் குத்தும். நான் கெட்டியான பருத்தித் துணி மடித்துத் தைத்துவிட்டேன். இந்த விலைக்குக் கடையிலேயே ஒழுங்காகத் தைத்திருக்கலாம். ஈரம் ஆகாது, பூசணம் பிடிக்கும். பால் கக்கினாலோ மூத்திரம் போனாலோ உடனே துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஃபோம்தான் வசதி, அதை மறுக்கவில்லை.

வாங்கும்போது சாயப் பாய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளை எச்சில் ஒழுக்கி நக்கும். கடையில் பாயை முழுசாக விரிக்கச் சொல்லி, உள்ளங்கையை நீளவாக்கில் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிலாம்பு ஏறினால் வேறு பாய் எடுக்கச் சொல்லுங்கள்.