சிவப்புத் தட்டு டைமர்: மேசையில் நிற்குமா, அலமாரிக்குள் போகுமா?

வெள்ளை முகப்பு, 0 முதல் 60 வரை எண்கள், நடுவில் ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் சிவப்புத் தட்டு விசிறிபோல் விரியும். நேரம் போகப்போகச் சுருங்கி, பூஜ்ஜியத்தில் மறைந்துவிடும். வேறு வித்தை எதுவும் இதற்குத் தெரியாது. 1990களில் ஜான் ராஜர்ஸ் என்ற அமெரிக்கப் பெண், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சிறு மகளுக்காக உருவாக்கியது இது. ‘டைம் டைமர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து வகுப்பறைகளில் பரவியது. இன்று அதே அமைப்பில் பல நிறுவனங்களின் டைமர்கள் கிடைக்கின்றன. குழந்தைக்குச் செய்த பொருள் பெரியவர்களின் மேசைக்கு ஏறியதில் வியப்பில்லை. கடினமான வேலையில் உட்காரும் எவர் மனத்திலும் ஓடுவது அந்தக் குழந்தையின் கேள்விதான்.

இதன் பலம் எண்களைப் படிக்க வைக்காமலே நேரத்தைக் காட்டுவது. டிஜிட்டல் டைமரில் ‘23:41’ என்று பார்த்தவுடன் மனம் கணக்குப் போடத் தொடங்கும். நொடி எண்கள் மாறுவதே கண்ணை இழுக்கும். சிவப்புப் பரப்பை ஓரக்கண்ணால் பார்த்தாலே பாதிக்கு மேல் இருக்கிறதா, கால்வாசிதானா என்று தெரிந்துவிடும். பலவீனமும் அங்கேதான். கையால் திருப்பி வைக்கும்போது ஓரிரு நிமிடம் முன்பின் ஆகும். ஐம்பது நிமிடச் சுற்றுக்கு இது பொருட்டே இல்லை. மூன்று நிமிட வேலைக்கு இதை நம்பக் கூடாது.

எண்கள் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஏறும். பழகாத கை முதல் சில நாள் தடுமாறும், 15 வைக்க நினைத்து 45 வைத்துவிடும். தட்டைப் பூஜ்ஜியத்தைத் தாண்டி வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டாம். உள்ளே இருப்பவை சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கணினித் திரைக்கு நேர் கீழே வைத்தால் வேலையை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எழுதாத கையின் பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், தலையைச் சற்றுத் திருப்பினால் மட்டும் முழுதாகத் தெரியும்படி வையுங்கள். இதில் விளக்கு கிடையாது. மங்கிய அறையில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், மேசை விளக்கு அவசியம்.

அடுத்தது சத்தம். "ஓசையே இல்லை" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் இயந்திரம். அமைதியான அறையில் மெல்லிய டிக் டிக் கேட்கும், மலிவான டைமர்களில் சற்று உரக்கவே. வெறும் மரமேசையில் வைத்தால் மேசைப் பலகையே அந்த ஒலியைப் பெருக்கும். மடித்த துணி அல்லது ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்டால் பெருமளவு அடங்கிவிடும். முடிவு அலாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது பீப் என்று அலறினால் கையில் இருந்த வாக்கியம் போய்விடும். சுற்று முடிந்ததும் கட்டாயம் எழுந்து போக வேண்டிய நாளில் மட்டும் அலாரத்தைப் போடலாம்.

எவ்வளவு நேரம் வைப்பது? 1980களின் பிற்பகுதியில் இத்தாலிய மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்ததிலிருந்து வந்தது பொமொடோரோ முறை: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு. தொடங்கவே மனம் வராத வேலைகளுக்கு, அதாவது தேங்கிய மின்னஞ்சல், கணக்குச் சரிபார்ப்பு போன்றவற்றுக்கு, அது அருமையான முறை. ஆழ்ந்த வேலைக்கு 25 நிமிடம் குறைவு என்பது எங்கள் கருத்து. நிரலோ, நீண்ட கட்டுரையோ, நிறுவவேண்டிய கணக்கோ, நேற்று விட்ட இடத்தை மனத்துக்குள் திரும்ப ஏற்றவே பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். வண்டி சூடேறியதும் சாவியைத் திருப்பி அணைப்பானேன்? 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று வையுங்கள். புதிதாகப் பழகுபவர் முதல் வாரம் 30இல் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். இப்படிப்பட்ட சுற்று ஒரு நாளைக்கு மூன்று, நான்கு போதும். எட்டு போட்டேன் என்று சொல்பவரின் பிற்பகல் சுற்றுகளைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

குமிழைத் தொடுவதற்கு முன் செய்யும் வேலைதான் டைமரைவிட முக்கியம். ஒரு துண்டுத் தாளில் இந்தச் சுற்றில் எது முடிய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘அறிக்கை’ என்று எழுதினால் பயனில்லை. ‘அறிக்கையின் இரண்டாம் பகுதி, முதல் மூன்று பத்தி’ என்று எழுதினால் எங்கே கை வைப்பது என்று தெரியும். தேவையான கோப்புகளை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடுங்கள். தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். ஃபோன் அடுத்த அறைக்குப் போகட்டும். பிறகுதான் தட்டைத் திருப்ப வேண்டும். நடுவில் ‘அவருக்குப் பதில் அனுப்பவில்லையே’ என்று ஏதாவது முளைத்தால், அதே தாளின் பின்புறம் இரண்டு மூன்று சொல்லில் குறித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அந்தக் காரியத்தை அப்போதே செய்யப் போனால் சுற்று அங்கேயே முடிந்தது.

சிவப்பு ஐந்து நிமிடக் கீற்றாகத் தேயும்போது புதிதாக எதையும் தொடாதீர்கள். எங்கே நிற்கிறீர்கள், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது முதல் வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விவரித்தார். பாதியில் விடும் வேலையை எப்படித் தொடர்வது என்று எழுதிவைத்தால் அந்த ஒட்டல் குறைவதை அவரும் தெரேசா குளோமும் 2018இல் காட்டினார்கள். தட்டு தேய்வது கண்ணுக்குத் தெரிவதால் இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடுவது கடினம். திடீரென்று மணியடித்து நிறுத்தும் டைமரில் இந்த வசதி கிடையாது.

குறைகளில் பெரியது, நடுவில் நிறுத்திவைக்க முடியாதது. யாராவது வந்து பேசினாலும் தட்டு தன்பாட்டுக்குத் தேயும். பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் திருப்புங்கள். இன்னொரு தொல்லை பேட்டரி. பெரும்பாலும் ஒரு ஏஏ போதும். அது பலவீனமானால் டைமர் சட்டென்று நிற்காது; இடையிடையே படி தவறி மெதுவாக ஓடும், ஐம்பது நிமிடம் ஓசையில்லாமல் அறுபதாக நீளும். மாதம் ஒருமுறை 60இல் வைத்து, அரை மணி கழித்து 30இல் நிற்கிறதா என்று கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு அரித்துப்போகும்.

மாற்றுகள்? ஸ்பிரிங் முறுக்கும் டைமருக்குப் பேட்டரி வேண்டாம், ஆனால் டிக் டிக் அறை முழுக்கக் கேட்கும். குறைந்த நிமிடம் வைக்க வேண்டுமானாலும் முதலில் கடைசிவரை முறுக்கி, பிறகு வேண்டிய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மணி அடிக்காமலே நின்றுவிடலாம். புரட்டி வைக்கும் கனசதுர டைமரில் நிமிடங்கள் முன்கூட்டியே நிர்ணயித்தவை. 50 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மணல் கடிகாரம் அழகு, பரம அமைதி. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தால் அப்படியே நிற்கும், தட்டு டைமரிடம் இல்லாத வசதி அது.

ஃபோன் செயலி இலவசம்தான். ஃபோன் மேசையில் இருப்பதே சிந்தனைத் திறனைக் குறைக்கிறது என்று 2017இல் வந்த ஆய்வு பரபரப்பானது. பின்னர் வந்த ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் நேரம் பார்க்க எடுத்த ஃபோனில் திரை ஒளிர்ந்ததும் மூன்று அறிவிப்புகள் வரிசையில் நிற்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. தட்டு டைமரை வாங்கிவிட்டு ஃபோனையும் பக்கத்திலேயே வைத்திருப்பதாக இருந்தால், வாங்காமலே இருக்கலாம்.