லீவுக்கு வந்த இடத்தில் யூராலஜி டாக்டரைப் பார்த்த கதை

இந்த ஆடியில் நாலு வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவைப் பார்க்க வேண்டும், கோயில் கொடை விழா இருக்கிறது என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். இன்னொரு வேலையும் இருந்தது. அது எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு 52 வயது. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது. போன ஐப்பசி வாக்கில் ஆணுறுப்பு விறைக்கும்போது ஒரு வலி தொடங்கியது. ஒரு மாதம் கழித்துத் தடவிப் பார்த்தால் மேல்பக்கத்தில் தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக ஒன்று. தை பிறக்கும்போது விறைத்தால் மேலே பார்த்து வளைய ஆரம்பித்துவிட்டது. புற்றுநோய் என்றே நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில் வந்தால் தூக்கம் வருகிறது என்று திரும்பிப் படுத்தேன். அவள் என்னவெல்லாம் நினைத்திருந்தாள் என்பது மதுரையில்தான் தெரிந்தது.

லெஸ்டரில் குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு ‘பெய்ரோனி’ என்று பெயர் சொன்னார். புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு வியாதிகளைப் பார்க்கிற யூராலஜிக்கு எழுதியும் கொடுத்தார். ஆனால் ஊருக்குக் கிளம்பும் வரை என் முறை வரவில்லை. சரி, போகிற இடத்தில் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் போனது திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. பேர் வேண்டாம். பதிவு செய்யும் கவுண்டரில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண் சத்தமாக, ‘என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க சார்’ என்று கேட்டார். வாய் வரவில்லை. ‘யூரின் பிரச்சினை’ என்றேன். அப்படியே பதிவில் ஏறிவிட்டது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யூரின் டெஸ்ட், கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் என்று அரை நாள் போனது. கடைசியில் பார்த்த பொது மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் படுக்க வைத்துப் பார்க்கக்கூட இல்லை. விட்டமின் ஈ, இன்னும் இரண்டு மாத்திரை, மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்து, ‘வயசானா இதெல்லாம் வரும், விடுங்க’ என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பாபநாசம் மலை தெரியத் தொடங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் மதுரை. மதுரையில் வேலை பார்க்கும் தூரத்துச் சொந்தம் ஒருவரிடம் ‘நல்ல யூராலஜி டாக்டர் வேணும்’ என்று மட்டும் கேட்டேன். காரணம் கேட்காமல் நம்பர் அனுப்பினார். அங்கேயும் கவுண்டர் இருந்தது. ஆனால் டோக்கன் போட்ட தம்பி பேர், வயது, சர்க்கரை, பிரஷர், அலர்ஜி மட்டும் கேட்டுவிட்டு, ‘மத்ததை உள்ள டாக்டர்கிட்ட சொல்லிக்கோங்கண்ணே, இங்க வேண்டாம்’ என்றார். ஒரு மருத்துவமனையை எடைபோட எனக்கு அது போதும். கன்சல்டிங் 600 ரூபாய்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நான் தொடங்கி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் நேரடியானவை. எப்போது தொடங்கியது, இப்போதும் வலிக்கிறதா, வளைவு மூன்று மாதமாக அப்படியே இருக்கிறதா இல்லை கூடுகிறதா, விறைப்பு பழையபடி வருகிறதா, உறவு கொள்ள முடிகிறதா. அடுத்து, ‘கையை மேசை மேல கவுத்தி வைங்க’ என்றார். எனக்குப் புரியவில்லை. இரண்டு உள்ளங்கையும் மேசையில் தட்டையாகப் படிகிறதா என்று பார்த்தார், மோதிர விரலுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். டூபுய்ட்ரன் என்று ஒரு வியாதி இருக்கிறதாம். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கிற சவ்வு தடித்து விரல் மடங்கிப் போகும். பெய்ரோனி வந்தவர்களில் சிலருக்கு அதுவும் சேர்ந்து வரும். எனக்கு இல்லை.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு உதவும். உறுப்புக்குள் இரத்தம் நிரம்புகிற இரண்டு குழாய் மாதிரி பாகங்களைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது. அதில் சின்னச் சின்ன அடி படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு எப்போது பட்டது என்றே தெரியாது. ஆறுகிற இடத்தில் சிலருக்குத் தழும்பு கணக்கில்லாமல் கட்டிக்கொள்கிறது. ‘சைக்கிள் டியூப்ல ஒட்டுப் போட்டு காத்தடிச்சா என்ன ஆகும்? ஒட்டுப் போட்ட பக்கம் இழுபடாது, மத்த பக்கம் உப்பும். டியூப் ஒட்டுப் பக்கமா வளையும். அதுதான் இது’ என்றார். சர்க்கரை, புகை, வயது இவையெல்லாம் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். தொற்று கிடையாது. இது இளவயதில் செய்த எதற்குமான தண்டனையும் கிடையாது. இதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். ‘என்னால வந்ததா டாக்டர்?’

எனக்கு உடம்பு ஆடிவிட்டது. ஒன்பது மாதம் அவள் அதை மனசில் வைத்திருக்கிறாள். ஏதோ ஒரு ராத்திரி தன் பக்கத் தவறு என்று. டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். ‘இல்லம்மா. உங்களாலயும் இல்ல, அவராலயும் இல்ல. காயம் எல்லாருக்கும் படும், இவர் உடம்பு ஆறுற விதம் அப்படி’ என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பயணத்தில் நான் காசு கொடுத்துப் பெற்றதிலேயே பெரியது அந்த பதில்தான்.

மறுநாள் காலை இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன். ஊசியோடு சேர்த்து 3,500 ரூபாய். உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசி போடுகிறார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் விறைப்பு வருகிறது. எறும்புக் கடி அளவுதான் வலி. அறையில் டாக்டரும் ஒரு ஆண் டெக்னீஷியனும் மட்டும். கதவைத் தாழ் போட்டார்கள், மேலே துணி போர்த்தினார்கள். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்குமே கோணமானி, அதில் இரண்டு கை வைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி. அதை வைத்து அளந்து, ‘38 டிகிரி, மேல்பக்கம்’ என்று சொல்ல, டெக்னீஷியன் எழுதினார். தழும்பு 12 மில்லிமீட்டர், சுண்ணாம்பு படியவில்லை, இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஒன்பது மாதம் தலைக்குள் பூதமாக வளர்ந்த ஒன்று இரண்டு எண்களாகக் காகிதத்தில் உட்கார்ந்தது. விறைப்பு முழுக்க இறங்கும் வரை என்னை அனுப்பவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால் எந்நேரமானாலும் ஓடி வர வேண்டும் என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள்.

வைத்தியம் என்று பார்த்தால், நான் எதிர்பார்த்த மாதிரி ஒரு மாத்திரை இல்லை. திருநெல்வேலியில் எழுதிக் கொடுத்த விட்டமின் ஈ சீட்டைக் காட்டினேன். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இதற்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறது, காசுக்குக் கேடு என்றார். அதிர்வலை சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. அதை ‘நிமிர்த்தும்’ என்று விற்கிற இடங்களுக்குப் போகாதீர்கள் என்றார். தழும்பைக் கரைக்கிற கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 30 டிகிரிக்கு மேல் வளைந்தவர்களுக்கு அங்கே போடுகிறார்கள். நான் இருக்கிற ஐரோப்பியப் பக்கம் கம்பெனியே 2020-இல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வெரபமில் என்று இன்னொரு மருந்து இருக்கிறது, அந்த ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீதம் மாதக்கணக்கில் தழும்புக்குள் போட வேண்டும். பலன் ஆளுக்கு ஆள் மாறும். நாலு வார லீவில் தொடங்கி நடுவில் விட்டுவிட்டுப் போகிற காரியம் இல்லை என்று அவரே மறுத்துவிட்டார். தொடங்கியிருந்தால் அவருக்கு வருமானம். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆபரேஷன் பற்றி நானே கேட்டேன். வளைவு வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று முதல் ஆறு மாதம் அது மாறாமல் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் கத்தி வைத்தால் மறுபடி வளையலாம். வளைவுக்கு எதிர்ப்பக்கத்தில் மடித்துத் தைக்கிறார்கள். நிமிரும், ஆனால் நீளம் கொஞ்சம் குறையும். ‘இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டுத்தான் சம்மதிக்கணும், பிறகு வருத்தப்படக் கூடாது’ என்றார். விறைப்பே வராதவர்களுக்கு உள்ளே செயற்கைத் தண்டு வைக்கிற வழி இருக்கிறது. எனக்கு இப்போதைக்கு அது எதுவும் வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தினமும் மாட்டிக்கொள்கிற இழுவைக் கருவி, வலித்தால் மாத்திரை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வளைவை ஒப்பிடுவது. மருந்தே இல்லாமல் நேராகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்த நம்பிக்கையில் சும்மா இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் வலி பெரும்பாலானவர்களுக்குத் தானே போய்விடும். எனக்கு இப்போதே பாதி குறைந்திருக்கிறது.

கிளம்பும்போது, ‘மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்டார். இந்த வியாதி வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு வருகிறது, தூக்கம் கெட்டால் சொல்ல வேண்டும் என்றார். ஐம்பது வயது ஆம்பளையிடம் நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி.

ஊர் திரும்பி இரண்டு நாளில், கால்வாய்க் கரையில் பள்ளிக்கூடத்துச் சேக்காளி ஒருவனோடு உட்கார்ந்திருந்தேன். ஏன் அடிக்கடி மதுரை போனாய் என்று கேட்டான். சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘மாப்ள, எனக்கு மூணு வருசமா இருக்கு’ என்றான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜுக்கு மாதம் ஒரு தேதியில் வந்து போகிற வைத்தியரிடம் போயிருக்கிறான். சின்ன வயதுப் பழக்கத்தால் நரம்பு செத்துவிட்டது என்று அவர் சொல்ல, இவன் நம்பி, லேகியத்துக்கும் எண்ணெய்க்கும் 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறான். அந்தப் பணம் போனதைவிட, தான் செய்த பாவம் என்று மூன்று வருஷம் அவன் குமைந்து கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்த லாட்ஜ் அறைக் கதவுகளில் நம் ஆட்கள் வரிசையில் நிற்பதற்குக் காரணம் வெட்கம் ஒன்றுதான். நாம் வாயைத் திறந்து பேசினால் அந்த வியாபாரம் நடக்காது.

மதுரைக்கு வரச் சொன்னால் செலவுக்கு யோசித்தான். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரியிலேயே யூராலஜி இருக்கிறது, அங்கே போ என்றேன். ஓ.பி. சீட்டு வாங்கும்போது என்ன சொல்வது என்று கேட்டான். எனக்குத் திருநெல்வேலி கவுண்டர் ஞாபகம் வந்தது. ஒரு காகிதத்தில் ‘ஆணுறுப்பில் தழும்பு, வளைவு, மூன்று வருடம், யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதி மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன்.

லெஸ்டருக்கு வந்ததும் மதுரை ரிப்போர்ட்டைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்தேன். கோணம், தழும்பின் அளவு, இரத்த ஓட்டம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்ததால் அப்படியே ஸ்கேன் செய்து பரிந்துரைக் கடிதத்தோடு சேர்த்துவிட்டார். இழுவைக் கருவி வந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மனைவிதான் நேரம் பார்த்துச் சொல்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சேக்காளி போன் செய்தான். காகிதத்தை நீட்டினானாம், யாரும் எதுவும் கேட்கவில்லையாம். வளைவு நின்று வெகு நாள் ஆகிவிட்டதால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அடுத்த தடவை மனைவியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். ‘அவகிட்ட எப்படில ஆரம்பிக்க?’ என்று கேட்டான். என் மனைவி டாக்டரிடம் கேட்ட கேள்வியை அவனிடம் சொன்னேன்.