கட்டைப்பைக்குள் ஒரு கேமரா: மும்பை ஊர்ப் பயண அனுபவம்

"சித்தி, 90 அடி ரோட்டில் கேமராவை வெளியே எடுக்கலாமா?" மெல்போர்னில் டிக்கெட் போட்ட அன்று ராத்திரி, மும்பை தாராவியில் இருக்கும் சித்தியிடம் போனில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சித்தி சொன்னாள்: "ஏட்டி, நீ பொறந்து வளந்த தெரு. அதைப் போய் இப்படிக் கேக்கியே." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயம் போகவில்லை.

கேமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்தால் நம் பணத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். ஆறு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியது. அதைத் தாராவிக்கு எடுத்துக்கொண்டு போக எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது. என் பூட்டனார் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறிய தெரு அது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கிவிட்டது. அடுத்த முறை நான் வரும்போது அந்தச் சந்து, அந்த மாடிப்படி, பொங்கலன்று வாசல் வாசலாக அடுப்பு எரியும் அந்த ரோடு எல்லாம் இப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனில் எடுத்த படம் எனக்குப் போதாது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கினேன்.

விமானத்தில் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ என்றால் 7 கிலோதான். கவுண்டரில் நிறுத்துப் பார்த்தார்கள். பெரிய லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டேன், சின்னதை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன். உபரி பேட்டரிகளை எப்படியும் கையில்தான் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தனியாகச் சரக்குப் பெட்டியில் போட விடமாட்டார்கள். வாங்கிய ரசீதுகளைப் போனில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் பின்னால் வேறொரு இடத்தில் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும் சித்தி மகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கேமராவுக்கென்றே தைத்த முதுகுப்பை, மேலே கம்பெனி பெயர் வெள்ளை எழுத்தில். "அக்கா, உள்ளே என்ன இருக்குன்னு இந்தப் பையே ஊருக்குச் சொல்லிரும்" என்றான். சித்தி உள்ளே போய் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை எடுத்து வந்தாள். முதுகுப்பையின் உள்ளே இருந்த மெத்தைத் தடுப்பைப் பிடுங்கி அதில் வைத்தால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அதற்கு மேல் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்காய். கேமராவில் இருந்த கம்பெனி எழுத்தின் மேல் தம்பி கறுப்பு டேப் ஒட்டினான். மும்பையில் இருந்த மூன்று வாரமும் நான் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவளைப் போலத்தான் நடந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்குச் செலவு ஒரு ரூபாய் இல்லை. ஊருக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பொங்கலன்று விடியற்காலையிலேயே ரோடு புகையால் நிறைந்திருந்தது. கோலம், கரும்பு, மஞ்சள் குலை கட்டிய பானைகள், எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. கட்டைப்பையை வலது காலுக்கும் இடது காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படம் எடுத்தேன். குனிந்து எடுக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. எதிர் வீட்டு ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுந்து வந்து பையை என் காலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டு போய், தன் வாசல்படியில் வைத்து, முந்தானையால் மூடி, அதன் காதில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ எடு தாயி. நான் பாத்துக்கிடுதேன். பானை பொங்குத வரைக்கும் நான் எங்கயும் போமாட்டேன்." அடுத்த இரண்டு மணி நேரம் நான் என் இஷ்டத்துக்குச் சுற்றினேன். ஆச்சியையும் எடுத்தேன். அரக்குச் சேலை, மல்லிகை, பக்கத்தில் புகை, முழங்கைக்குள் என் பை.

அன்று எனக்கு ஒன்று தெளிவானது. கேமரா கையில் இருக்கும்போது அதற்கு ஒன்றும் ஆவதில்லை; இறுக்கித்தான் பிடித்திருக்கிறோம். கை வேறு வேலையில் இருக்கும் அரை நிமிடம்தான் ஆபத்து. லென்ஸ் மாற்றும்போது, சில்லறை எண்ணும்போது, இட்லித் தட்டை வாங்கும்போது, ரயில் ஏறும்போது. அந்த அரை நிமிடத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். மறுநாளிலிருந்து லென்ஸ் மாற்றுவதையே விட்டுவிட்டேன். ஒரே லென்ஸோடு வெளியே போனேன், பெரிய லென்ஸ் வீட்டில் பீரோவுக்குள் பூட்டி இருந்தது.

லோக்கல் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் நின்றபடி வெளியே கையை நீட்டிப் படம் எடுக்கவே கூடாது. விபத்து ஒரு பக்கம். தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று, ரயில் மெதுவாகும் இடத்தில் கம்பால் கையில் ஓங்கி அடித்து, விழுகிற போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் இதற்கு 'ஃபட்கா' என்று பெயரே உண்டு. அடிபட்டுக் கீழே விழுந்தவர்கள் உண்டு. நான் லேடீஸ் டப்பாவில், கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் மட்டும் போனேன்.

மெட்ரோ எனக்குப் பிடித்திருந்தது. 3ஆம் தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரைக்கும் முழுதாக ஓடத் தொடங்கியதால் தாராவியிலிருந்தே ஏறி சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்தில் போய் இறங்க முடிகிறது. நெரிசல் இல்லை, இடிபாடு இல்லை. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது: பை எக்ஸ்ரே மிஷினுக்குள் போகும், நாம் சோதனைக்காகத் திரைக்குப் பின்னால் போவோம். பை அந்தப் பக்கம் வந்து விழும்போது நாம் அங்கே இல்லை. பெண்கள் வரிசை நீளமாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். வரிசை குறைந்த பிறகு பையை மிஷினில் வையுங்கள். அங்கே இருந்த பெண் காவலரிடம் சொன்னதும் அவரே என் பையைக் கடைசியாக விட்டார்.

போரா பஜாருக்குப் போனது, கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சாரில் படிந்த தூசிக்காக. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நடக்கும் தூரத்தில், வரிசையாகக் கேமராக் கடைகள். தாராவிப் புகையிலும் தூசியிலும் எடுத்ததில், வானம் வரும் படங்களில் எல்லாம் கறுப்புப் புள்ளி. கேமராவை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் அதைப் புரிந்துகொண்டார். என் கண் முன்னாலேயே சீரியல் எண்ணைச் சீட்டில் எழுதி, எத்தனை படம் எடுத்த கேமரா என்பதையும் குறித்து, எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. போனாவது திருடு போனால் அதன் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைக் கொடுத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கிவிடலாம். கேமராவுக்கு அந்த வசதி இல்லை, சீரியல் எண் ஒன்றுதான் அடையாளம், அது மனப்பாடமாக இருக்க வேண்டும் என்றார் அவர். பல கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண் பதிந்திருக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இவ்வளவு காவல் காத்தும் எனக்குத் திருட்டு நடந்தது.

தாதர் பூச்சந்தைக்கு விடியுமுன் போயிருந்தேன். தரையெல்லாம் செண்டுமல்லி மூட்டைகள், டியூப்லைட் வெளிச்சத்தில் தாமரை மொட்டுகள். நல்ல படங்கள். திரும்பும்போது ரயில்வே நடைபாலத்தில் ஏறினேன். தலையில் கூடையோடு பத்துப் பதினைந்து பேர் எதிரே வர, கட்டைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகுப் பக்கம் தொங்கிய என் தோள்பையின் ஜிப் திறந்திருந்தது. உள்ளே இருந்த சின்னப் பர்ஸைக் காணோம். அதில் 400 ரூபாயும், ஒரு பேட்டரியும், மூன்று மெமரி கார்டும் இருந்தன. பொங்கல் படங்கள் எல்லாம் அந்தக் கார்டுகளில்தான் இருந்தன.

பாலத்தின் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். ஆறு வருடம் சேர்த்து வாங்கியது கையில் பத்திரமாக இருந்தது. எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தேனோ அது போய்விட்டது. காய்கறி வாங்கிப் போன ஒரு மராட்டி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். அவர்தான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலரிடம் விட்டார்.

இங்கே ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது. நிலையத்தில் நிற்கும் பாதுகாப்புப் படை வேறு, திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யும் ரயில்வே போலீஸ் வேறு. ரயிலில் உதவிக்கு 139, ரயில்வே போலீஸுக்கு 1512. இது எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்ற பிரச்சினை வருமோ என்று நான் பயந்தேன். தம்பி போனிலேயே சொன்னான்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், பதிவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். எழுதிக்கொண்ட அதிகாரி பொறுமையானவர். "விழுந்துச்சா, எடுத்தாங்களா?" என்று இந்தியில் இரண்டு முறை கேட்டார். திறந்திருந்த ஜிப்பைக் காட்டினேன். திருட்டு என்றே எழுதினார். கார்டுகளின் ரசீதைக் கேட்டபோது போனில் இருந்ததைக் காட்டினேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பயணக் காப்பீட்டுக்காரர்கள் பிறகு முதலில் கேட்டது அந்த நகலைத்தான். 'தொலைந்தது' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். ஊர் கிளம்பும் முன்பே பாலிசியில் ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்றும் பாருங்கள். என் கேமராவின் விலையில் பாதிகூட அதில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

காப்பீட்டுப் பணத்தைவிட வேறொன்றுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் கேமராவில் இரண்டு கார்டு போடலாம். ஒன்று நிறைந்தால் அடுத்தது என்று வைத்திருந்தேன். ஒரே படம் இரண்டிலும் பதியும்படி மெனுவில் ஒரே ஒரு இடத்தில் மாற்றியிருந்தால், ஒரு கார்டு எப்போதும் கேமராவுக்குள்ளேயே இருந்திருக்கும். சித்தி வீட்டில் லேப்டாப்பும் இருந்தது. களைப்பில், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று ராத்திரி தள்ளிப்போட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகப் போனுக்கு மாற்றிய 11 படங்கள்தான் மிச்சம். அதில் ஆச்சி இல்லை.

மெல்போர்னுக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஆச்சி வாசலுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. "எம் படத்தைக் களவாண்டு அவன் என்ன தாயி பண்ணப்போறான்?" என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே அது புரியவில்லை. அப்புறம் "இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது அதே அரக்குச் சேலை, தலையில் புதுசாகக் கட்டிய மல்லிகை. வாசல்படியில் அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். கட்டைப்பையைக் கேட்டு வாங்கி முந்தானையால் மூடி, காதில் கையைக் கோத்துக்கொண்டாள்.

அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. பின்னால் சுவரில் காலை வெயில் இருந்தது. எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பைத் திறந்தேன். சோறு ஆறிவிடும் என்று சித்தி இரண்டு தடவை கூப்பிட்டாள். படம் முழுதும் இறங்கி முடியும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.